பாறைமேல் விழுந்த நிழல்

தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலி ஜங்ஷனில் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கிப் போட்டு ஸ்டூடியோ நடத்தினேன். 'உங்கள் புகைப்படம் ஓவியமாக' என்று வாசலில் போர்டு. ஊரிலேயே எனக்குத்தான் அந்த வித்தை தெரியும் என்ற திமிர் தலைக்கேறியிருந்த காலம்.

மேலப்பாளையத்திலிருந்து ஓர் அக்கா, தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கணவர் இறந்து, வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா காலம் முடிந்து, அப்போதுதான் வெளியே வருகிறாராம். கையில் சின்னக் கண்ணாடிச் சட்டம். அதற்குள் பாபநாசத்துக்கு மேலே, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே தாமிரபரணி ஒடுங்கி ஓடுகிற இடம். கணவர் எடுத்த படம்.

"வரைஞ்ச மாதிரி பெரிசாப் பண்ணித் தாங்க தம்பி. ஹால்ல மாட்டணும்."

ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. அப்படியே ஒருமுறை ஸ்கேன் செய்தேன். என் கை அதோடு சும்மா இருந்ததா? இன்னும் தெளிவு வேண்டுமென்று உரித்தேன். அடிப்பாகம் கண்ணாடியிலேயே பிய்ந்து நின்றுவிட்டது. போகட்டும், கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே என்று வேலையைத் தொடங்கினேன்.

படத்தின் கீழே, பாறைமேல், எடுத்தவரின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. எங்கள் தொழிலில் அது கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு. முதல் வேலையாக அதைத்தான் அழித்தேன். பக்கத்துப் பாறையை எடுத்து ஒட்டி ஒட்டி, சுவடே தெரியாமல். பிறகு தண்ணீருக்குத் தூரிகைத் தீற்றல், மலைக்குக் கொஞ்சம் நீலம். டிஸ்கில் இடம் இல்லாததால் ஸ்கேன் செய்த பழைய ஃபைலின் மேலேயே சேமித்தேன்; நிழல் இருந்த படம் அதோடு போயிற்று. என் கையை உடைத்துப் போட்டிருக்க வேண்டும்.

வந்து பார்த்த அக்கா, ஓவியத்தின் அடியில் விரல் வைத்தார்.

"அவுக எங்க தம்பி?"

"யாருக்கா?"

"இங்கன நின்னாகளே. அவுக நெழலு." குரல் இறங்கிப்போனது. "எங்க வீட்ல ஆளு படம் மாட்ட மாட்டோம். அவுகளும் போட்டோன்னா நிக்கவே மாட்டாக. ஓட்டு அட்டையில இருக்கது அவுக மாதிரியே இல்ல. மலையும் ஆறும்னா மாட்டலாம்லா. அதான் இதக் கொண்டாந்தேன்."

நெகட்டிவ் எங்கே போனதென்று அவருக்குத் தெரியவில்லை. படம் பிய்ந்துபோனதைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் நிழல் பத்திரமாக இருக்கிறது, ரெண்டு நாள் பொறுங்கள் என்று கூசாமல் பொய்யும் சொன்னேன்.

கண்ணாடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. மறுநாள் சாயங்காலம் மொட்டை மாடியில், அந்த நிழலில் இருந்தது போலவே இடுப்பில் லுங்கிச் சாரம் கட்டிக்கொண்டு, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, கேமராவைக் கண்ணுக்குத் தூக்கி என் நிழலை நானே படமெடுத்தேன். கழுவி, ஸ்கேன் செய்து, அதைப் பாறைமேல் கிடத்தினேன். பொருந்திவிட்டது. அவ்வளவு சரியாகப் பொருந்தியதுதான் பயமாக இருந்தது.

அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"கூன் தெரியலயே," என்றார். "சீக்குல விழுறதுக்கு முந்தி இப்படித்தான் நிமிந்து நிப்பாக." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகள் படத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பார்த்தாள். "போவோம் உம்மா," என்று மட்டும் சொல்லிப் படத்தைச் சுருட்டிக்கொண்டாள்.

"மாட்டினப்புறம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து பாருங்க தம்பி," என்றார் அக்கா.

வாரேன் என்றேன். இன்றுவரை போகவில்லை. அந்த வீட்டு ஹாலில் இறந்துபோனவராக நின்றுகொண்டிருப்பது நான்தான்.