யோவ் வாவல்

“தமிழ்ல அடிச்சா கட்டம் கட்டமா வருதுங்க.”

மூன்றாவது தடுப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. நீலாயதாட்சி மேசையை விட்டு எழுந்து போனாள். பாரதியார் சாலையில் நூர் அகமது நடத்தும் பிரௌசிங் சென்டர் அது. கல்லாவையும் கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

உள்ளே ஒருவர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் பட்டுப்புடவையோடு அவர் மனைவி, மடியில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. நீலாயதாட்சி குனிந்து எழுத்துருவை மாற்றினாள். கட்டங்கள் போய் எழுத்து வந்தது. வந்த எழுத்தைப் பார்த்ததும் அவள் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

திரையில் இருந்தது ‘ஈரத்துண்டு’. எல்லோரும் படிக்கிற பக்கம் அல்ல. எழுதுகிறவர் மட்டும் கடவுச்சொல் போட்டுத் திறக்கிற உள்பக்கம்.

வலைப்பதிவு படிக்கிறவர்களுக்கு ஈரத்துண்டைத் தெரியும். அந்தப் பெயரில் எழுதுகிற ஆளைத் தெரியாது. அவர் படம் போட்டதில்லை. ஊர் சென்னை என்பதற்கு மேல் சொன்னதுமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன், வராத தண்ணீர் லாரி, ஆறிப்போன காபி என்று தினம் எதையாவது எழுதுவார். அதைப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது என்று துபாயிலும் சிங்கப்பூரிலும் ஒரு கூட்டம் இருந்தது. காரைக்காலில் நீலாயதாட்சி இருந்தாள்.

“சரியாயிடுச்சுங்களா?” என்றார் அவர்.

“ஆயிடுச்சு சார்.”

அவள் நகர்ந்தாள். பக்கத்துத் தடுப்பில் துடைக்க ஒன்றுமில்லாத விசைப்பலகையைத் துடைத்தாள்.

“வினிதா, இங்க பாரு. நம்ம பெருசு காலையிலயே வந்து கருத்து சொல்லிட்டுப் போயிருக்கு.”

“யாரு, அந்த வௌவாலா? அந்தாளுக்கு வேற பொழப்பே இல்லையா?”

“ராத்திரியெல்லாம் தூக்கம் வராதுபோல, பாவம். ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரா இருக்கணும்.”

“கைரேகை பாத்தீங்களாக்கும்.”

“வௌவாலை வாவல்னு இந்தக் காலத்துல எவன் சொல்றான்? புலவருங்கதான் சொல்லுவாங்க.”

நீலாயதாட்சி துணியை மடித்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். வாவல் அவள்தான்.

முதன்முதலில் கருத்து எழுதியபோது பெயர் கேட்டது. சொந்தப் பெயரை ஊரறியப் போட மனசில்லை. அன்று வீட்டில் வாவல் மீன் குழம்பு. அதையே அடித்தாள். திருமலைராயன்பட்டினத்தில் கடலோரம் பிறந்தவளுக்கு அந்தச் சொல்லில் வேறு எதுவும் தோன்றவில்லை.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் அந்தப் பேச்சை எடுக்க ஆளில்லாமல் நின்றுபோயிற்று. அண்ணன் கண்ணையன் வீட்டில் இருந்தாள். அண்ணன் பாதி நாள் கடலில் இருப்பார். அண்ணி பேசுவது கேஸ் சிலிண்டரைப் பற்றியும் குழாய்த் தண்ணீரைப் பற்றியும். சென்டரில் பெரியவர்களுக்கு அவள் மேடம், படிக்கிற பிள்ளைகளுக்கு அக்கா. ஈரத்துண்டு ஒருவர்தான் அவளை “யோவ் வாவல்” என்று கூப்பிட்டார். “யோவ் வாவல், வாய் ரொம்ப நீளுது.” “யோவ், நேத்து எங்கய்யா போய்த் தொலைஞ்ச?” அவள் பதிலுக்குப் பதில் எழுதுவாள். எழுதிவிட்டு மேசையில் தனியாகச் சிரிப்பாள்.

போன ஐப்பசியில் அம்மா செத்துப்போனாள். காரியமெல்லாம் முடிந்து சென்டருக்கு வந்த அன்று, அவருடைய பதிவுக்குக் கீழே சம்பந்தமில்லாமல், சோறு இறங்கவில்லை என்று ஒரு வரி எழுதினாள். காரணம் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “யோவ் வாவல், கடையில ரெண்டு இட்லியாவது தின்னுய்யா. தின்னுட்டு வந்து சொல்லு.” அவள் எதிர்க்கடைக்குப் போய்த் தின்றாள். அந்த வாரத்தில் வேறு யாரும் அவளைச் சாப்பிடச் சொல்லவில்லை.

இப்போது அந்த ஆள் பத்தடி தள்ளி உட்கார்ந்து முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். எழுந்து போனால் போனதுதான். நான்தான் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எப்படி வாயெடுப்பது என்பது பிடிபடவில்லை.

அவர்கள் எழுந்து வந்தார்கள்.

“எங்கேருந்து வர்றீங்க சார்?”

“மெட்ராஸுங்க. விழிதியூர்ல இவங்க சித்தப்பா பொண்ணு கல்யாணம். ராத்திரி பஸ்ஸுக்குத் திரும்பறோம்.”

“சார், வாவல்னா மீனுங்க.”

அவர் புரியாமல் மனைவியைப் பார்த்தார்.

“நீங்க பேசிக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு. எங்க பக்கம் வௌவாலை வௌவால்னுதான் சொல்லுவோம். வாவல்ங்கிறது மீனு.”

“அட. அப்ப அந்தப் பெருசு கடற்கரை ஆளா? இத்தனை நாளா வாத்தியார்னு நெனச்சு ஏமாந்துட்டேனே.”

“பெருசு இல்லீங்க. நான்தான் அது.”

அவர் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்தார். கை தானாகப் போய்ச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டது.

“நீங்களா? மேடம், நீங்களா அது?”

“ஆமாங்க.”

“இவரு உங்களைப் போய் யோவ் யோவ்னு எழுதிக்கிட்டிருந்தாரே” என்றாள் வினிதா. “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இவருக்கு வாய்க்கொழுப்பு.”

“அதுக்கென்னங்க. அப்படியே கூப்பிடலாம்.”

“ஐயோ, அதெப்படிங்க மேடம்.” அவர் கைகூப்பினார். “பொம்பளைங்கன்னு தெரியாமப் போச்சு. மன்னிச்சுக்குங்க.”

“அன்னிக்கு நீங்க சொன்னப்புறம் இட்லி தின்னேங்க. வந்து சொல்லச் சொன்னீங்க, சொல்லலை.”

“எந்த இட்லிங்க?”

அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றி சுருங்கியது. நினைவுக்கு வரவில்லை.

“சும்மா, ஏதோ ஒரு பதிவுல வந்துச்சு சார்” என்றாள்.

“நெறைய எழுதறதுல மறந்துபோயிடுதுங்க மேடம். ரொம்ப சந்தோஷம். தொடர்ந்து படிங்க.”

தாம்பூலப் பையிலிருந்து வினிதா ஒரு சாத்துக்குடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். இருவரும் படியிறங்கினார்கள். தொழுகை முடிந்து எதிரே ஏறிவந்த நூர் அகமது அவர்களுக்கு வழிவிட்டு நின்றார்.

“யாரும்மா, தெரிஞ்சவங்களா?”

“இல்ல பாய். கஸ்டமரு.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சென்டர் மதியத்துக்கு மேல்தான் திறக்கும். அவள் இரண்டு மணிக்குத் திறந்து ஈரத்துண்டைப் பார்த்தாள். புதுப் பதிவு வந்திருந்தது. நம் வாவல் ஐயா உண்மையில் ஒரு சகோதரி என்று சொல்லி, இனி அனைவரும் மரியாதையாக எழுதவும் என்று கேட்டிருந்தார். கீழே நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். மன்னிக்கவும் மேடம் என்று சிலர். வணக்கம் சகோதரி என்று சிலர். அவர் அனுமதித்து அவளுடைய முந்தின நாள் கருத்தும் வெளியாகியிருந்தது. அதற்கு அவர் ‘நன்றி மேடம்’ என்று பதில் போட்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் படித்தாள். எதுவும் எழுதவில்லை. வரிச்சிக்குடிப் பையன் ஒருவன் ஹால் டிக்கெட் எடுக்க வந்தான். பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது, மாற்றிக்கொடுத்தாள். நாலரைக்கு மேல் கூட்டம் வந்தது. ஏழு மணிக்குப் பூட்டிச் சாவியை நூர் அகமது வீட்டில் கொடுத்துவிட்டுப் பட்டினம் பஸ் ஏறினாள். உட்கார இடம் கிடைத்தது.