ஆவன அக்கா

ஆட்காட்டி விரலால் ஒரே ஒரு விசையைத் தட்டுகிறார். "ஆவன செய்யப்படும்" என்று திரையில் முழுதாக வந்து விழுகிறது. அதை அவர் பார்ப்பதுகூட இல்லை. அதற்குள் கை அடுத்த மனுவுக்குப் போய்விட்டது.

சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் தட்டச்சர். இருபத்தாறு வருடத்தில் ஐந்து உறுப்பினர்களைப் பார்த்தாயிற்று. ஆள் மாறும், சுவரில் படம் மாறும், அந்த வாக்கியம் மட்டும் மாறாது. எழுத்தெழுத்தாக அடித்து விரல் தேய்வானேன் என்று ஒரே விசைக்குள் அதை அடக்கிவிட்டார். மற்ற விசைகளில் எழுத்து பளிச்சென்று இருக்க, அது மட்டும் மொட்டை. அவருக்குப் பெயரும் அதிலிருந்தே ஒட்டிக்கொண்டது: ஆவன அக்கா. கூப்பிட்டால் கோபம் வராது. "நல்ல பேருதானே? என்னைக்காவது ஆவும்!" என்று சிரிப்பார்.

மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுகிற ரகம். எழுத்துப்பிழை மட்டும் தப்பாமல் கண்ணில் படும். மனு கொண்டுவந்தவரை உட்காரவைத்து, "ஒரு 'க்'கை முழுங்கிட்டீங்களே, அப்புறம் சாக்கடை எப்படி ஓடும்?" என்று திருத்திக் கொடுப்பார்.

இந்த அக்கா வீட்டிலும் ஒரு மனு உண்டு. பின்னால் ஓடும் கால்வாயின் நடைபாலம் வெள்ளத்தோடு போய் நாலு வருடமாகிறது. அக்கரையிலுள்ள தையல் ஆலைக்கு இவர் தங்கை தினமும் தண்ணீர்க் குழாயின்மேல் நடந்து போகிறாள். போன மழையில் வழுக்கி விழுந்து கை ஒடிந்தது. இதோ, அடுத்த மழையும் நெருங்கிவிட்டது. தங்கை மூன்று முறை மனுப் போட்டாள். மூன்றுக்கும் பதில் அடித்தது யார் என்கிறீர்கள்? சாட்சாத் அக்காவேதான், அதே விசையில். தங்கை அவற்றை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். "எழுத்து முத்து முத்தா இருக்குக்கா. பாலம்தான் இல்ல."

இந்தத் தேர்தலில் புதியவர் ஜெயித்தார். அவர் கட்சிக்கே பெரும்பான்மை. புது அரசு எதை முதலில் செய்ய வேண்டும் என்று தலைமை எல்லா உறுப்பினர்களிடமும் பட்டியல் கேட்டிருந்தது. புதியவருக்குச் சின்ன வயசு, சட்டைக் கஞ்சி இன்னும் கலையவில்லை. அறையில் மேலும் கீழுமாக நடந்துகொண்டே அவர் சொல்லச் சொல்ல, அக்கா அடித்து எடுத்து நீட்டினார். பதினோரு அம்சம். பதினொன்றுக்கும் தலைப்பு, "முதல் முன்னுரிமை".

"முதல்ல பதினோரு பேரு நின்னா அது வரிசை இல்ல சார், கூட்டம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரிக்கா, நீங்களே சொல்லுங்க. எது முதல்ல?"

அக்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "புதுசா எதுவும் வேணாம் சார். செய்றோம்னு ஏற்கெனவே எழுதிக் குடுத்தது அந்த பீரோ பூரா இருக்கு. அதுல முடிஞ்சத முதல்ல செய்ங்க. முடியாதத முடியாதுன்னு சொல்லிடுங்க."

"பிரமாதமான யோசனைக்கா!" என்று பட்டியலை அக்காவின் மேசையில் வைத்துவிட்டு, தபாலில் மேலாக இருந்த மனுவை எடுத்தார். தங்கையின் நாலாவது மனு. அக்கறையாகத்தான் படித்தார். "அடடா, இந்தப் பாலம் கட்டாயம் வேணும்க்கா. வழக்கம்போல ஆவன செய்யப்படும்னு போட்டுடுங்க."

பழக்கதோஷம், அக்காவின் விரல் அந்த விசைமேல் போய் நின்றுவிட்டது. பிறகு இரும்பு ஸ்கேலை எடுத்து, நுனியை அடியில் கொடுத்து நெம்பினார். டக்கென்று கழன்ற மொட்டை விசையைப் பட்டியலின் முதல் வரிமேல் வைத்தார். "எந்தத் தேதிக்குள்ளன்னு சொல்லுங்க சார், அடிச்சிடறேன்" என்று இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார்.