பாய்லருக்குப் பொடி வைத்த கதை

கண்காட்சிக்கு என்ன கொண்டுவருவாய் என்று வகுப்பு சிஸ்டர் கேட்டபோது, எங்கள் வீட்டில் நீராவி பாய்லர் இருக்கிறது, அது விசில் ஊதும் என்று எழுந்து நின்று சொன்னேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. வீட்டில் பாய்லர் எதுவும் இல்லை. துறைமுகத்தில் பழைய நீராவி லாஞ்ச் படகு ஒன்றை உடைத்தபோது அப்பா கேட்டு வாங்கி வந்த செம்புக் குழாய்த் துண்டு ஒன்று மட்டும் இருந்தது. என்றைக்காவது இதில் ஒரு சின்ன பாய்லர் செய்வேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த நாள் வந்துவிட்டதென்று நானாக முடிவு செய்துவிட்டேன்.

சிஸ்டருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. மணி அடிப்பதற்குப் பதிலாக என் பாய்லரின் விசிலை ஊதியே கண்காட்சியைத் திறக்கலாம் என்று நிகழ்ச்சி நிரலிலும் எழுதிவிட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பா திட்டவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பரணிலிருந்து அந்தக் குழாயை இறக்கினார். அவர் தூத்துக்குடி துறைமுக ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். புதுத் துறைமுகம் வந்த சமயம் அது, வேலைக்குக் குறைவில்லை. ஆனாலும் சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் வந்து முற்றத்தில் உட்கார்ந்துவிடுவார்.

பாய்லர் என்பது பார்க்க எளிமையானதுதான். உருளைக்கு இரண்டு பக்கமும் இரண்டு செம்புத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒன்பது ஓட்டைகள். இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுவரை பென்சில் தடிமனில் ஒன்பது ட்யூப்கள். நெருப்பு ட்யூப்களுக்குள்ளே ஓடும், தண்ணீர் அவற்றைச் சுற்றி நிற்கும். ட்யூப் தட்டோடு சேருகிற பதினெட்டு இடங்களில் ஒன்று ஒழுகினாலும் எல்லாம் வீண்.

அப்பா ஈயப்பற்று வைத்தார். தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோது ஒரு சொட்டு வரவில்லை. எனக்கு ஒரு மிட்டாய் கூட வாங்கித் தந்தார். மறுநாள் தீ மூட்டியதும் நெருப்பு பட்ட பக்கத்தில் ஈயம் உருகி வழிந்தது. ட்யூப்களிலிருந்து தண்ணீர் கொட்டி, பாய்லர் தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொண்டது.

ஒர்க்‌ஷாப்பில் இதைச் சொல்லி யோசனை கேட்டிருக்கிறார். கண்காட்சிக்கு நடுவராக வரப்போகிற போர்மன் அண்ணாச்சி, "ஏலே, வெந்நி போட ஒனக்கு வீட்டுல பானை இல்லியா?" என்று கேட்டாராம். அப்பா அதை எங்களிடம் சிரிக்காமல் சொன்னார்.

அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, ஈயம் தீயில் நிற்காது, நகைக்குப் பற்று வைப்பதுபோல வெள்ளிப் பொடி வைத்து ஊத வேண்டும் என்றாள்.

"இது நகையில்ல, ஏளா. பாய்லரு" என்றார் அப்பா.

அப்பா வீட்டில் பரம்பரையாக இரும்பு வேலை. அம்மாவைப் பெற்ற தாத்தா தங்க வேலை. ஸ்ரீவைகுண்டத்தில் பட்டறை வைத்திருந்தார். சம்மட்டி தூக்குகிறவர்களுக்கு, குந்துமணி எடையில் வேலை செய்கிறவர்கள்மேல் ஓர் இளக்காரம் உண்டு. எதிர்ப்பக்கமும் அப்படித்தான் என்பதைப் பிறகு தாத்தா வீட்டில் தெரிந்துகொண்டேன். அம்மா உள்ளே போய்விட்டாள்.

அப்பா அடுத்து, கூம்பான ஒரு எஃகு முளையை ட்யூப்பின் வாய்க்குள் வைத்துத் தட்டினார். வாய் விரிந்து ஓட்டையில் இறுகிவிட்டால் பற்றே வேண்டாம் என்பது அவர் கணக்கு. நான்கு ட்யூப் இறுகியது. ஐந்தாவது வாய் கிழிந்தது. ஆறாவதும் கிழிந்தது. சுத்தியலை ஓசைப்படாமல் கீழே வைத்தார். அவர் அப்படி வைத்தால் பக்கத்தில் போகக்கூடாது என்பது எனக்குத் தெரியும். கண்காட்சிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. காய்ச்சல் வந்தால் பள்ளிக்குப் போகாமல் இருக்கலாமே என்று நான் வேண்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன்.

அப்போதுதான் அம்மா ஒரு தகர டப்பாவோடு வெளியே வந்தாள். "ஒரு ட்யூப்பக் குடுங்க" என்றாள்.

அதை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டாள். ஆறியதும், இளகிப்போயிருந்த அதைத் தன் சுட்டுவிரலைச் சுற்றி மோதிரம்போல வளைத்து, "காய்ச்சாமத் தட்டுனா கிழியத்தான் செய்யும்" என்று அப்பாவிடம் நீட்டினாள். அப்பா அதை வாங்கி நிமிர்த்தினார், வளைத்தார், மறுபடி நிமிர்த்தினார்.

"சரி, சொல்லு" என்றார்.

"ஈயம் பட்டது ஒண்ணும் ஆகாது. தீயில அது செம்பத் தின்னுரும். தட்டு, ட்யூப்பு எல்லாம் புதுசா வெட்டணும். உருளைய ரெண்டு பக்கமும் ஒரு விரக்கட அறுத்து எடுத்துருங்க."

அப்பா நான்கு நாள் உட்கார்ந்து வெட்டினார். ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. நான் குழந்தையில் போட்டிருந்த வெள்ளித் தண்டைகளை அம்மா எடுத்து, உன் பாய்லருக்குத்தான், தருவாயா என்று கேட்டாள். தலையாட்டினேன். அதோடு பித்தளை கொஞ்சம் சேர்த்து உருக்கி, அரத்தால் ராவிப் பொடியாக்கினாள். செம்பை எல்லாம் அழுக்குப் போகப் புளித்தண்ணீரில் வேகவைத்தாள். அதன்பிறகு அப்பாவின் எண்ணெய்க் கை எதன்மேலும் படக்கூடாது என்று உத்தரவு.

சனிக்கிழமை காலை. கடற்காற்று ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். முற்றத்தைச் சுற்றி ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டாள். சிரட்டைக் கரியைக் குவித்து, நடுவில் தட்டையும் அதில் நட்ட ஒன்பது ட்யூப்களையும் நிறுத்தினாள். ஒவ்வொரு ட்யூப்பின் காலைச் சுற்றியும் பற்று பரவ உதவுகிற வெங்காரம் குழைத்த பொடியைக் கோலம் போடுவதுபோல வைத்தாள். அப்பாவின் வேலை, இரவல் வாங்கிய ஊதுலையின் சக்கரத்தைச் சுற்றுவது. என் வேலை, சாக்குகளை நனைத்துக்கொண்டே இருப்பது.

"சுத்துங்க. இன்னும். மெதுவா."

அம்மா ஊதுகுழலை வாயில் வைத்தாள். கன்னம் உப்பி நின்றது. மூக்கால் மூச்சு வாங்கிக்கொண்டே வாயால் ஊதினாள், நிறுத்தவேயில்லை. தட்டு செம்பருத்தி நிறத்துக்கு வந்தது. சட்டென்று பொடி கண்விழித்து, பளபளவென்று ட்யூப்பைச் சுற்றி ஓடி வளையமாக நின்றது. ஒன்று, அதை அடுத்து இன்னொன்று, பிறகு ஒன்பதும்.

"நிறுத்துங்க" என்றாள். அப்பா நிறுத்தினார்.

முடிந்த பக்கம் மறுபடி உருகிவிடாமல் ஈரக் களிமண்ணால் மூடிவிட்டு, மறுபக்கத்தையும் உருளையின் விளிம்புகளையும் அதேபோல முடித்தாள். மத்தியானம் ஆகிவிட்டது. அன்று யாரும் சமைக்கவில்லை. அப்பா கடையில் புரோட்டா வாங்கி வந்தார்.

மறுநாள் பாய்லர் நிறையத் தண்ணீர் விட்டு, சைக்கிள் பம்பால் காற்றடித்து இறுக்கினார். உலர்ந்த துணியால் ஒவ்வொரு வாயையும் ஒற்றி, துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பதினெட்டும் காய்ந்தே இருந்தது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்று வந்தார். நான் தூக்கும் வயதைத் தாண்டியிருந்தேன்.

கண்காட்சி அன்று தலைமை சிஸ்டர் கையசைத்ததும், அப்பா பித்தளையில் கடைந்து பொருத்தியிருந்த விசிலின் வால்வை நான் திறந்தேன். விசில் கீச்சென்று கிளம்பி, சுருதி ஏறி, கூடம் முழுவதையும் நிறைத்தது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். வாசலில் நின்ற குதிரைவண்டிக் குதிரை மிரண்டு இரண்டடி பின்னால் போனது. நான் வேண்டுமென்றே வால்வை மூட மறந்தேன்.

தீ அணைந்து ஆறியபின் போர்மன் அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நகத்தால் ஒவ்வொரு வளையத்தையும் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இதை எந்த ஆசாரி செய்தது என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா அம்மாவைக் காட்டினார். அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, "எங்க அப்பா பட்டறை வேலை" என்றாள்.

போர்மன் தலையசைத்தார். முதல் பரிசு எங்களுக்குத்தான். ஆனால் வீடு வரும்வரை நான் அம்மாவோடு பேசவில்லை. தாத்தா இந்த பாய்லரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தான் ஊதி ஊதி உதடு வெந்து செய்த வேலையை, கூச்சத்தில் அவர் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று எனக்குக் கோபம். அப்பாவும் திருத்தவில்லையே என்று அவர்மேலும் கோபம்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு சித்தி ஒருநாள் சொன்னாள். அம்மா எட்டு வயதிலிருந்தே தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து பொடி வைத்தவளாம். ஊரிலேயே அவள் கைக்குத்தான் பொடி சீராக ஓடும் என்று தாத்தாவே சொல்வாராம். பதின்மூன்று வயதில் பெரியவளானதும், இனிமேல் நீ பட்டறைக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு, அங்கே அவள் செய்திருந்த எதையும் அவள் செய்ததென்று யாரும் சொன்னதில்லை. அன்று கூடத்தில் அத்தனை பேருக்கு நடுவில் அம்மா சொன்னது தாத்தாவைப் பற்றியே அல்ல, தானும் அந்தப் பட்டறையின் ஆள் என்பதைத்தான் என்பது, பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த எனக்குத் தெரியாது.