சுதாஜினியின்ர நூறு பங்கு

அக்கராயன் ஊர் ஏரம்பருக்குப் பேத்தி பிறந்து பத்தொன்பது நாள். அதுக்குள்ள மனுசன் வயல் பக்கம் போனது ரெண்டே தரம். பிள்ளை கொட்டாவி விட்டாலும் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லுவார்.

அந்த நேரம் பாத்துத்தான் மகள் சுதாஜினிக்கு வேலை செய்யிற இடத்தில இருந்து கடிதம் வந்தது. முருங்கையிலைத் தூள் அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புற கொம்பனி. அஞ்சு வருசம் விடாமல் நிண்டால், சேர்ந்த நாள் விலைக்கே நூறு பங்கு வாங்கலாமெண்டு அவளைச் சேர்க்கேக்க எழுதிக் குடுத்தவை. இப்ப பங்கு நாலு மடங்கு விலை. "பிள்ளைப்பேற்று லீவில உங்கட அஞ்சு வருசம் முறிஞ்சுபோச்சு, பங்கு இல்லை" எண்டு கடிதம் சொல்லுது.

"விடுங்கோ அப்பா, பிள்ளை சுகமாய்ப் பிறந்ததே காணும்" எண்டாள் சுதாஜினி.

ஏரம்பருக்கு அதுதான் சுட்டது. "என்ர பேத்தி பிறந்து தாய்க்கு நட்டம் எண்டு ஒரு கதை வரக்கூடாது. எழுதித் தந்த கடிதம் எங்க?"

"நீங்கள்தானே வாங்கி வைச்சனீங்கள்."

இடம்பெயர்ந்து ஓடின காலத்துப் பழக்கம். வீட்டுக் கடுதாசி எல்லாத்தையும் நனையாமல் லமினேட் பண்ணி ஒரே பையில வைச்சிருப்பார். பையோட கிளிநொச்சி லோயர் மேனுகாவிட்டப் போனார்.

மேனுகா கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பினா. "ஐயா, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் தெரியுது. நடுப்பக்கம் ரெண்டும் உள்ளுக்கை மாட்டுப்பட்டுக் கிடக்கு."

"ரெண்டு தாளையும் ஒண்டாய் வைச்சு லமினேட் அடிச்சால் செலவு பாதிதானே, பிள்ளை."

லோயருக்குச் சிரிப்பு தாங்கேல்லை. பிளேட்டால ஓரத்தை மெல்ல வெட்டித் தாளைப் பிரிச்சா. உள்ளுக்கை, சட்டப்படி எடுக்கிற லீவும் வேலை நாள்தான் எண்டு இருந்தது. கீழ முதலாளியின்ர கையெழுத்து.

"இது காணும் ஐயா. எழுத்தில தந்த வாக்கு ஒப்பந்தம். முதல் கடிதம் அனுப்பிப் பாப்பம். மசியாட்டி வழக்குப் போட்டு, பங்கைத் தா, இல்லாட்டி அதின்ர பெறுமதியைத் தா எண்டு கேக்கலாம்."

வழக்குக்குப் போகேல்லை. பதினாலு நாள் தவணை குடுத்த கடிதத்துக்குப் பதின்மூண்டாம் நாளே பதில் வந்தது. பங்கு தாறம் எண்டு.

பிறகு வந்த பங்குக்காரர் கூட்டத்துக்குச் சுதாஜினிக்கும் அழைப்பு. பங்கில்லாத ஆளை உள்ள விடமாட்டினமாம். ஏரம்பர் பேத்தியோட வாசலில நிண்டார். யன்னலுக்கால மகளின்ர குரல் கேட்டது.

"லீவைச் சொல்லிப் பங்கை மறிச்ச மற்றப் பெட்டையளுக்கு எப்ப குடுக்கப் போறியள்?"

வாசல் காவலாளி எட்டிப் பாத்தார். "ஆரப்பா அது, முதலாளியையே கேள்வி கேக்கிறது?"

"இவவின்ர அம்மா" எண்டு ஏரம்பர் பேத்தியைத் தூக்கிக் காட்டினார்.