பின்கண்ணாடியில் ஒட்டிய கல்லூரி

மார்லிஸ் ஹோவ்லாண்டிடம் பல் சுத்தம் செய்துகொண்டவர்கள் எல்லோருக்கும் தார்ன்பி கல்லூரியின் பெருமை மனப்பாடம். வாய்க்குள் கொக்கியும் கண்ணாடியும் இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவது? ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் வெல்லர் கல்லூரியில் படித்தவர் யாராவது வந்து படுத்தால் ஈறில் கூடுதலாக ஒரு சுரண்டு விழும் என்று ஊரில் பேச்சு. அது வெறும் பேச்சு அல்ல.

அமெரிக்காவின் மினசோட்டாவில் லின்ட்ஹோம் என்ற அந்தச் சிற்றூருக்கு நடுவே ஓர் ஆறு. இக்கரையில் தார்ன்பி, அக்கரையில் வெல்லர். இரண்டிலும் ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். இரண்டிலும் அதே தத்துவம், அதே உயிரியல், அதே பாட்டுக் குழு, பிப்ரவரிக் குளிரில் அதே விறைப்பு. வெளியூர்க்காரர்கள் கண்ணுக்கு ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். அதை அந்த ஊர் ரொட்டிக்கடையில் சொல்லிவிட்டு முழுசாக வெளியே வர முடியாது.

தார்ன்பியில் படித்த மார்லிஸ், தோழிகள் தலைதலையாக அடித்துக்கொண்டும் கேட்காமல், வெல்லரில் படித்த கர்ட்டைக் கட்டிக்கொண்டாள். அவன் குடிக்கவில்லை, அடிக்கவில்லை. எதையும் முடிக்கமாட்டான், அவ்வளவுதான். கார் கொட்டகைக்குப் பாதி வர்ணம், ஏரிக்கரையில் பாதிப் படகுத்துறை. "வெல்லர் வளர்ப்பு" என்பாள் மார்லிஸ். கல்யாணத்தை மட்டும் அவள் விவாகரத்தில் முடித்து வைத்தாள். மிஞ்சியது சிக்னி என்ற ஒரே மகள். ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் அப்பாவிடம்.

மார்லிஸ் நல்லவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்று உண்மை. அவள் பேச்சுக்கு நாலு பேர் விழுந்து விழுந்து சிரித்தது தார்ன்பியில் மட்டும்தான். அதனால் இன்னமும் விடாமல் போய்க்கொண்டிருந்தாள்: ஞாயிறு மாலைப் பாட்டுக்கு, வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் சூப்புக்கு, அக்டோபரில் பழைய மாணவர் விழாவுக்கு, அங்கே முதல் வரிசைக்கு. மகளும் அங்கே சேர்ந்துவிட்டால் தன் வாழ்க்கையில் ஒன்றாவது வீண்போகவில்லை என்று ஆகும். அதற்காக எதையும் செய்வாள்.

பள்ளி முடிக்கப்போகும் சிக்னிக்கு இரண்டு கல்லூரியிலும் இடம் கிடைத்தது. மே முதல் தேதிக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கல்லூரிப் பெயர் எழுதிய ஒட்டுவில்லையைக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டுவது பிள்ளை தன் வாயால் சொன்ன பிறகுதான். எத்தனை அவசரக்குடுக்கை அம்மாவாக இருந்தாலும் வில்லையை வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக் காத்திருப்பாள். மார்லிஸ் காத்திருக்கவில்லை. ஏப்ரல் நடுவில் ஒருநாள் கண்ணாடியை வினிகர் போட்டுத் துடைத்து, சுருக்கமில்லாமல் 'தார்ன்பி' என்று ஒட்டிவிட்டாள். பிள்ளை பிறப்பதற்கு முன்னே பேர் வைத்த கதைதான்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பி குடிக்கும்போது, பாதிரியார் மனைவி ஆர்டிஸ் ஓடிவந்து சிக்னியைக் கட்டிக்கொண்டாள். "தார்ன்பியாமே கண்ணு! கார்லதான் பார்த்தேன்!" சிக்னி நன்றி சொன்னாள். அந்த ஊரில் கொலை செய்யத் தோன்றினாலும் நன்றிதான் சொல்வார்கள்.

மாலையில் கர்ட் வந்து வாசலில் நின்றான்.

"பொண்ணு இன்னும் வாயே திறக்கல. அதுக்குள்ள ஊர்வலம் விடுறியா?"

"என் கார். என் கண்ணாடி."

"அவ நம்ம ரெண்டு பேர் பொண்ணு மார்லிஸ். எனக்கும் பாதி உண்டு."

"பாதிதானே? நீ எதைத்தான் முழுசா செஞ்சே?"

விடிந்தபோது கர்ட் வீட்டுப் புல்வெளியில் தேர்தலுக்கு நடுவதுபோல 'வெல்லர் குடும்பம்' என்று ஒரு பலகை. அதையாவது நேராக நட்டானா என்றால், சாய்ந்துதான் நின்றது. சிக்னி பள்ளிக்குப் போகும் வழியில் அம்மா காரின் வில்லை, அப்பா வீட்டுப் பலகை இரண்டையும் பார்த்தாள். அதன்பிறகு இரு வீட்டிலும் அவள் பேசியது உப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்ற அளவுக்குத்தான்.

மே முதல் தேதி அம்மா வாரத்தில் வந்தது. உருளைக்கிழங்கும் கறியும் சேர்த்துச் சுட்டதைத் தட்டில் தொடாமல் வைத்துவிட்டு, சிக்னி மடிக்கணினியைத் திறந்தாள்.

"கேளும்மா. எனக்குப் பிடிச்சது தார்ன்பிதான். மார்ச்ல அங்க ஒரு ராத்திரி தங்கினேன்ல, அப்பவே தீர்மானம் பண்ணிட்டேன்."

"நான்தான் சொன்னேன்ல! ஆரம்பத்துலேர்ந்தே சொன்னேன்ல!"

"பாத்தியா, இதுக்காகத்தான் சொல்லாம இருந்தேன்." குரல் ஏறவில்லை. "அங்க சேர்ந்தா நீயும் கூடவே சேர்ந்துடுவே. என் சிநேகிதங்க மேஜையில உக்காந்து சூப்பு குடிப்பே. என் வாத்தியார்ட்ட 'எங்க காலத்துல'ன்னு ஆரம்பிப்பே. நாலு வருஷம், நீ அங்க காலே வைக்கக் கூடாது. வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. இப்பவே தார்ன்பியை அழுத்திடறேன்."

"பெத்தவளையே வராதேங்கறியா?"

"ஆமா. சொல்லு."

ஒரே ஒரு வார்த்தை. எத்தனையோ வருஷமாக மார்லிஸ் கேட்டது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கர்ட்டின் முகம் எப்படித் தொங்கும் என்றுகூட அவள் நினைத்துப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். சத்தியமாக அப்படித்தான்.

"அக்டோபர் விழாவுக்கு மட்டும்?" என்றாள்.

சிக்னி அம்மாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. பிறகு வெல்லரை அழுத்தி, கணினியை மூடி, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்பாகிட்ட நீயே ஃபோன் பண்ணிச் சொல்லிடு."