நாலாவது அடுக்கு

டிபன் கேரியரின் கொக்கி 'டக்'கென்று விடுபட்டதும் எழும் எள்ளுத் துவையல் வாசனையோடுதான் எண்பதுகளின் நெய்வேலி எனக்கு நினைவில் வருகிறது. அப்பாவுக்குச் சுரங்கப் பட்டறையில் வேலை. திருநெல்வேலியிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய அம்மாவுக்கோ பிளாக்கில் பேச்சுத்துணைக்கு ஒருவரும் அமையவில்லை. அவளுக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களில் மிகவும் பிடித்தது 'எக்ஸ்ட்ரா'. ஊரிலிருந்து யாராவது வந்துவிட்டால் என்று எக்ஸ்ட்ரா பாய், எக்ஸ்ட்ரா தலையணை, எக்ஸ்ட்ரா பல்பொடி கூட உண்டு. ஆங்கில டீச்சர் அந்தச் சொல்லுக்குத் 'தேவைக்கு மேற்பட்ட' என்று கரும்பலகையில் பொருள் எழுதியபோது, பாவம், இவருக்கு எங்கள் அம்மாவைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

கேரியரில் மூன்று அடுக்கு அப்பாவுக்கு, நாலாவது எக்ஸ்ட்ரா. "ஷிப்டுல யாராச்சும் சாப்பாடு இல்லாம வந்திருப்பாங்க, குடுங்க" என்பாள். பெரும்பாலும் அது அப்பாவோடு வேலை பார்த்த காடாம்புலியூர் செல்வராசு மாமாவுக்குப் போகும். ஒருநாள் உளுந்தஞ்சோறு கொண்டுபோன அடுக்குக்குப் பதிலாகப் பலாக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்போடு வேறொன்று வந்தது. அதே அளவுதான், ஆனால் வெட்டியிருந்த பெயர் 'செ. தனம்'. ஆண்கள் இருவரும் அவசரத்தில் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். "ஓ, அவர் வீட்டுக்காரி பேரு தனமா!" என்று அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அதன்பின் ஒரு வருஷம், முகம் பார்க்காத இரண்டு பெண்கள் அந்த அடுக்குகள் வழியாகவே பேசிக்கொண்டார்கள்.

திடீரென்று மாமாவை வேறு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். எக்ஸ்ட்ராவை யார் யாரோ சாப்பிட்டார்கள். அடுக்கு காலியாகவே திரும்பியது. நெய்வேலியில் கிடைத்த ஒரே சிநேகிதியும் போய்விட்டாள் என்று அம்மா வெளிப்படையாகவே அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தலையில் பலாப்பழமும் கையில் ஓர் அடுக்குமாக ஒரு பெண் வாசலில் நின்றாள்.

"ராசேஸ்வரி அக்கா வூடு இதானுங்களா? உங்க அடுக்கு எங்க வூட்லயே கெடந்துகினு இருக்குதுங்க. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அம்மா பழத்தை இறக்கி வைக்கக்கூட விடாமல் அவளைக் கட்டிக்கொண்டாள். நாள் முழுக்க அடுப்படியில் ஒரே சிரிப்பு. எங்கள் கையெல்லாம் பலாப்பிசின். மாலைப் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மா உளுந்தஞ்சோற்றை மறுபடியும் தன் பெயர் போட்ட அடுக்கிலேயே நிரப்பினாள்.

"மாத்திக் குடுக்கறீங்களே அக்கா?"

"இருக்கட்டும். அப்பத்தான திருப்பித் தர வருவ."

வந்தாள், எத்தனையோ முறை. ஒவ்வொரு முறையும் தவறான அடுக்கையே தூக்கிக்கொண்டு போனாள்.

இன்று அந்தக் குவார்ட்டர்ஸில் வேறு யாரோ இருக்கிறார்கள். அம்மாவும் இல்லை, தனம் அத்தையும் இல்லை. அம்மாவின் பாத்திரங்களைப் பங்கு பிரித்தபோது, அவள் பெயர் போட்டதையெல்லாம் என் அக்காவே எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். அம்மா பெயர் இல்லாத அந்த ஒன்றை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.