உழாமல் விட்ட மண்

செனாய் நகரத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், என் கணவர் காஹாங் பக்கம் ஒரு சரிவு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சோளம் போட்டார். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற பழைய கருவி ஒன்றையும் தேடிப் பிடித்து வாங்கினார். அது வயல் முழுவதையும் உழாது. முன்னால் இருக்கும் வட்டக் கத்தி சருகை வெட்டும். பின்னால் வரும் கொழு ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் மண்ணைக் கிளறிக்கொண்டு போகும். அந்தப் பட்டையில்தான் விதை. இரண்டு பட்டைக்கும் நடுவே போன போகத்துத் தட்டையும் சருகும் கிடந்தபடி கிடக்கும்.

எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. நான் எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள். வாசலில் ஓர் இலை கிடந்தாலும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இவர் வயலோ பாதி சிரைத்த தலை மாதிரி இருந்தது.

"என்னங்க, டீசல் தீந்துபோச்சா? பாதியில நிப்பாட்டிட்டீங்க" என்று கிண்டல் செய்வேன்.

"சிரிக்காத லா. அந்தக் குப்பைதான் மழைக்கு மண்ணப் பிடிச்சி வெச்சிருக்கு. அதுல மட்டும் கைய வெச்சிடாத."

போன வருடம் விதை போட்ட கையோடு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் அவர் கேட்டதெல்லாம், முளைத்துவிட்டதா என்பதுதான். பக்கத்துத் தோட்டக்காரர் அந்தக் கருவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தவர். அவர் கண்ணெதிரே இந்த ஒரு போகம் நின்று காட்டினால் போதும் என்றிருந்தார் இவர்.

வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது வருகிறார்கள் என்றால் முதலில் கூட்டிப் பெருக்குவதுதான் லயத்துப் பழக்கம். வீட்டைக் கழுவிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆள் வைத்து வயல் சருகையும் வாரி, ஓரத்தில் குவித்துக் கொளுத்தினேன். ஒரு முளைகூட மிதிபடவில்லை. வயல் பளிச்சென்று இருந்தது. பெருமையாகக்கூட இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. சரிவு மண் கரைந்து, முளைகளோடு வாய்க்காலுக்குப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் காரில் உட்கார்ந்தபடியே அவர் பார்த்தார். "நான்தாங்க வாரச் சொன்னேன்" என்று அழுதேன். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார். பிறகு, "வெயிலா இருக்கு, வீட்டுக்குப் போலாம்" என்றார். அதற்கப்புறம் அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மூன்று வாரத்தில் போய்விட்டார்.

சாவு வீட்டில் பக்கத்துத் தோட்டக்காரர் என் அருகே வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, நான் பார்க்க வந்தப்பகூட அதத்தான் சொன்னாரு. மிஷின் மேல தப்பில்ல, நான்தான் கொழு ஆழத்தக் கூட்டி வெச்சிட்டேன், அதான் மண்ணு ஓடிருச்சின்னாரு. பாவம், அவருக்கு அந்த வேல பிடிபடல" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவர் வைத்த ஆழம் சரிதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் அங்கேதான் மாலைகளுக்கு நடுவே படுத்திருந்தார். நான் அழுதுகொண்டே, ஆமாம் என்று தலையாட்டினேன்.